வாசகர் கேள்விகள்: பெற்றோரின் நேரமும் பிள்ளைகளின் படிப்பும்

(முப்பத்திரண்டு ஆண்டுகள் கொங்குப் பகுதி அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவர் இப்பகுதியில் பதிலளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கேள்வி: பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லராக வேலை செய்கிறேன். காலை 8.30 மணிக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வீடு சேர இரவு 9.30 ஆகிவிடுகிறது. மகள் அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மா வீட்டிலேயே இருந்து படிக்க வைக்கிறார்; அந்தப் பெண் எல்லாவற்றிலும் முதலில் நிற்கிறாள். என் மூத்த மகன் 8ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறியும், அதன்பின் இணையத்தில் பதிவு செய்யும் தேதியை நாங்கள் தவறவிட்டதால் உதவித்தொகை வரவில்லை. மகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. நான் வேலையை விட்டுவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்)

பதில்: வேலையை விட வேண்டாம், அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி எழுதுகிறவர்கள் பதிலின் முதல் வரியைத்தான் தேடுவார்கள்.

பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் ஒதுக்கும் நேரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைப்பது ஒன்று. சான்றிதழ், விண்ணப்பம், வங்கி, பள்ளி என்று அலைவது இன்னொன்று. எந்தத் தேர்வு எப்போது வருகிறது, யாரைக் கேட்டால் விவரம் தெரியும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது மூன்றாவது. உங்களை வருத்துவது முதல் வேலை. உங்கள் குடும்பத்துக்கு இழப்பை உண்டாக்கியவையோ மற்ற இரண்டும்தான். மகன் தேர்வை யாருடைய உதவியும் இல்லாமல் எழுதித் தேறியிருக்கிறான். தாய் பக்கத்தில் உட்காராதது அவனைத் தடுக்கவில்லை. ஆண்டுக்கு 12,000 வீதம் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை வந்திருக்க வேண்டிய 48,000 ரூபாய், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்வதற்கான அரைநாள் உங்களிடம் இல்லாததால் போயிற்று. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எந்த அரைநாளைக் காப்பாற்ற வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, 3 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளின் அன்றாட நேரக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, தாய் உடனிருந்த மணிக்கணக்குக்கும் பிள்ளையின் வாசிப்பு, கணக்குத் திறனுக்கும் தொடர்பு காணவில்லை. தாயின் கல்வியும் குடும்ப வருமானமும்தான் தெளிவான தொடர்பைக் காட்டின. அந்நாட்டுக் குடும்பங்களைப் பற்றிய முடிவை அப்படியே திருப்பூரின் லைன் வீடுகளுக்குப் பொருத்துவது சரியாகாது என்றாலும், வேலையை விட்டால் வருமானம் போய்விடும் என்ற கணக்கு எந்த ஊருக்கும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பெண் முந்துவதற்கு அவளுடைய தாய் வீட்டில் இருப்பது மட்டுமே காரணமா, அந்தத் தாய் படித்தவரா, அந்த வீட்டில் வாடகைக்கு அப்பால் பணம் மிஞ்சுகிறதா என்பதெல்லாம் உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்கள் மகளுக்கு அடுத்த ஆண்டு அதே தேர்வு வருகிறது. 7ஆம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும் (பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50). பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே இந்த ஆண்டின் முழுத் தேர்வு மதிப்பெண் முக்கியமானது என்பதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றுக்கோ கால வரம்பு உண்டு. ஆகையால், அதைத் தேவைப்படும் நாளில் ஓடி வாங்காமல், ஆர்டர் மந்தமாக இருக்கும் ஒரு வாரத்தைப் பார்த்து, கேட்கப்படும் காலத்துக்குச் சற்று முன்பாக விண்ணப்பித்துவிடுங்கள். இ-சேவை இணையதளத்தில் கைப்பேசியிலிருந்தே விண்ணப்பிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மகனை உட்கார வைத்துச் செய்தால் ஒருநாள் கூலி மிச்சம். மகளின் பெயரில் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று இந்த மாதமே பார்த்துவிடுங்கள். தேறிய பிறகு பதிவு செய்வது மட்டும் போதாது, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு முறை தவறவிட்ட அனுபவம் உள்ள மகனையே தங்கைக்கு இந்த வேலையின் பொறுப்பாளனாக ஆக்குங்கள்.

விசாரிக்கும் வேலைக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொள்வது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் கூலியை இழந்தாவது வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, "நான் ஒன்றரை ஷிஃப்ட் போகிறேன், தேதி எதுவானாலும் ஒரு குரல் பதிவு அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த ஒரு நாள், ஆண்டு முழுவதும் இரவு பத்து மணிக்குக் கண்ணயரும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதைவிடப் பயன் தரும்.

இன்னொன்று. உங்கள் நீண்ட கடிதத்தில் பிள்ளைகளின் தந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் வீட்டில் இருக்கிறார் என்றால், மேலே சொன்ன வேலைகளில் எதையும் பெண்தான் செய்ய வேண்டும் என்ற விதி இல்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணி வாங்கத் தெரிந்தவருக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளவும் தெரியும்.

கேள்வி: எங்கள் மகனின் படிப்புக்காக என் மனைவி மூன்றாண்டுகளுக்கு முன் மென்பொருள் வேலையை விட்டார். மாலை 4 மணியிலிருந்து இரவு 9 வரை அவனுடனேயே உட்காருகிறார். 5ஆம் வகுப்பில் இருக்கும் அவனுடைய மதிப்பெண் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருக்கிறது. நேரம் கொடுத்தும் ஏன் இப்படி?
(ஒரு தந்தை, பெருங்குடி, சென்னை)

பதில்: ஐந்து மணி நேரம் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தால், கணக்கில் எங்கே தவறு என்று தேடும் வேலை பையனுடையதாக இருக்காது. தவறியதும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். விடை அங்கே இருக்கும். பள்ளித் தேர்வறையில் அந்த முகம் இல்லை. நாற்பது நிமிடம் தனியே செய்யட்டும். செய்து முடித்ததை உங்கள் மனைவி பத்து நிமிடம் பார்க்கட்டும். மிச்ச நேரத்தில் அவன் தெருவில் விளையாடட்டும், அவரும் தம் வேலைக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்கட்டும். நேரம் குறைவாக உள்ள வீட்டுப் பிள்ளைகள் இழப்பது நிறைய உண்டு என்றாலும், தாமே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்கும் பழக்கம் அவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

கேட்காமலே ஒன்று: மூன்றாண்டுகளாக மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் தியாகம் பலித்ததா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தால், அதுவும் அவன் காதில் விழுகிறது.

கேள்வி: கிராமப்புற நடுநிலைப் பள்ளி ஆசிரியர் நான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ பெற்றோர் சந்திப்புக்கோ பத்துப் பேர்கூட வருவதில்லை. வீட்டுப்பாட நோட்டில் கையொப்பமும் இல்லை. அக்கறையே இல்லாத பெற்றோரை வைத்துக்கொண்டு நாங்கள் மட்டும் என்ன செய்ய முடியும்?
(ஓர் ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: உங்கள் கேள்வியை நானும் ஒரு காலத்தில் இதே சொற்களில் கேட்டிருக்கிறேன். விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில் தலைமையாசிரியையாக இருந்தபோது, வேலைநாள் பிற்பகலில் கூட்டம் வைத்து, வந்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறித்து, "பெற்றோரிடம் ஆர்வம் குறைவு" என்று மேலதிகாரிக்கு எழுதியவள் நானேதான். அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒரே ஒரு தறிக்காரரின் மனைவி வெளியே போகும்போது கேட்டார்: "டீச்சர், நீங்க இங்க உக்காந்திருக்கிற நேரத்துக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டுதானே?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வாசகத்தை நான் பதிவேட்டில் எழுதியதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நல்ல விதி. ஆனால் தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண் வேலைநாளின் பிற்பகல் 3 மணிக்குக் கூட்டத்துக்கு வந்து அமர்வதற்கு எவ்வளவு செலவாகும் என்பதைச் சட்டம் கணக்கிடவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அனுமதி கேட்டால் கிடைக்கும் இரண்டு மணி நேரம், தினக்கூலிக்காரருக்குப் பெரும்பாலும் முழு நாளின் கூலி. பாதி நாள் வேலைக்கு யார் கூப்பிடுகிறார்கள்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வராமல் இருக்கிறார்கள். அக்கறையை வருகைப் பதிவேட்டால் அளந்தால், அளக்கப்படுவது பெரும்பாலும் வேலையின் தன்மையாகவே இருக்கும்.

நான் பிறகு கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினேன். ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே மாதந்தோறும் வைக்காமல் பருவத்துக்கு ஒரு முறை, முன்கூட்டியே பத்து நாள் அறிவிப்புடன் வைத்தோம். அதற்கு ஈடாக இன்னொரு நாளில் முறைவைத்து அவர்களைச் சீக்கிரம் அனுப்பினேன். கூட்டம் நிரம்பி வழிந்தது என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களில் ஆண்களின் எண்ணிக்கை கூடியது. அதுவே புதுமையாக இருந்தது.

கையொப்பத்தைப் பற்றி: எழுத்தறியாத தாயிடம் கையொப்பம் கேட்கும் நோட்டு, பிள்ளைக்குப் பொய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். மாலை ஆறரை மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், "நாளை சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, விடுதலைப் போராட்ட வீரர் படம் கொண்டு வரவும்" என்று செய்தி அனுப்பும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை நிறுத்துங்கள். அந்தச் செய்தியைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக்கூடிய பெற்றோரின் பிள்ளை மறுநாள் பாராட்டுப் பெறுகிறது. எட்டு மணிக்குச் சூளையிலிருந்து திரும்பும் பெற்றோரின் பிள்ளை நிற்க வைக்கப்படுகிறது. அந்தப் பாராட்டும் தண்டனையும் பிள்ளைகள் செய்த எதற்கும் கிடைத்தவை அல்ல. சார்ட் பேப்பரைப் பள்ளியிலேயே வாங்கி வையுங்கள், வகுப்பிலேயே செய்யட்டும். சான்றிதழ்களுக்கான ஆவணங்களைப் பள்ளியில் வாங்கி, வருவாய்த் துறையிடம் பேசி ஒரே நாளில் முகாமாக நடத்த முடிந்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றிரண்டு நாள் கூலியை மிச்சப்படுத்திக் கொடுத்தவராவீர்கள்.

அரசின் திட்டங்கள் சிலவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அது பசிக்கான திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடியற்காலை வேலைக்கு ஓடும் தாய்க்கு அது காலையில் அரைமணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த திட்டமும்கூட. அந்த அரைமணியில் பிள்ளையின் தலையை வாரிவிடவும் நேற்று என்ன நடந்தது என்று கேட்கவும் முடிகிறது. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி, யாருடைய தாயும் வீட்டில் இல்லாத அந்த மாலை நேரத்தில் தெருவிலேயே ஒரு தன்னார்வலரை உட்கார வைத்தது. பெற்றோரை இடித்துரைக்காமல் பெற்றோரின் நேரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்த திட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. உங்கள் ஊரில் அந்தத் தன்னார்வலராக இருந்த பெண் இப்போதும் இருந்தால், கூட்டத்துக்கு வராத பெற்றோரின் செய்தியை உங்களிடம் கொண்டுவருவதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

கேள்வி: பிள்ளைகளுக்காகச் செலவாகும் நேரத்தை யாராவது அளந்திருக்கிறார்களா, அல்லது எல்லாமே அனுமானம்தானா?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: அளந்திருக்கிறார்கள். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019இலும் பின்னர் 2024இலும் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டுக்கு வருபவர், முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதிக்கொள்வார். இதற்கெல்லாம் முன்னோட்டமாக 1998-99இல் ஆறு மாநிலங்களில் ஒரு சோதனைக் கணக்கெடுப்பு நடந்தபோது, அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று.

2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டார்கள், நாளுக்கு ஏறத்தாழ 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடம். இதில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் சொல்லிக் கொடுப்பதும் முதியவர்களைப் பார்த்துக்கொள்வதும் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. சமையல், துவைப்பு முதலிய வீட்டு வேலைகளைச் செய்தவர்களை (6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள்) தனியே எடுத்தால் பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. ஆகவே "பெற்றோரின் நேரம்" என்று இந்தப் பக்கத்தில் நாங்கள் எழுதும்போதெல்லாம் அதைப் பெரும்பாலும் "தாயின் நேரம்" என்று படித்துக்கொள்ளலாம். அது சரி என்பதால் அல்ல, நடப்பு அப்படி என்பதால்.

நீங்கள் இதைப் பாடமாக எடுத்துப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு செய்தி. அமெரிக்க நேரக் குறிப்புகளை ஆராய்ந்து 2008இல் மூன்று பொருளியலாளர்கள் எழுதிய கட்டுரையில், பட்டம் பெற்ற தாய்மார், பள்ளிப் படிப்போடு நின்ற தாய்மாரைவிட வாரத்துக்கு ஏறக்குறைய நான்கரை மணி நேரம் அதிகமாகப் பிள்ளைகளோடு செலவிட்டது தெரியவந்தது. வெளிவேலையையும் அவர்களே கூடுதலாகச் செய்தார்கள் என்பதுதான் இதில் வியப்பு. நேரம் கடிகாரத்தால் எல்லோருக்கும் சமம் என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிடுகிறது: தன் வேலை நேரத்தைத் தானே நகர்த்திக்கொள்ளக்கூடியவர் யார், மணியடித்தால் எழுந்து போக முடியாதவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: என் மகனும் மருமகளும் ஓசூரில் ஆளுக்கொரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். பேத்தி என்னிடம் வளர்ந்து, அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பொறியியல் சேர ஆசைப்படுகிறாள். கலந்தாய்வு வேலைகளை நான் ஒருவனே பார்த்தால் போதுமா, பெற்றோர் விடுப்பு எடுத்து வர வேண்டுமா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தருமபுரி)

பதில்: தாராளமாக நீங்களே பார்க்கலாம், ஐயா. 2018க்கு முன்பு என்றால் பேத்தியை அழைத்துக்கொண்டு சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டியிருந்திருக்கும். என் மாணவர்கள் சிலருடன் நானும் போயிருக்கிறேன். அந்த வளாகத்து மரநிழலில் முதல் நாளிரவே பேருந்தில் வந்து இறங்கிக் காத்துக் கிடந்த விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது எல்லாம் இணையவழி. கணினி இல்லாதவர்களுக்கு உதவி மையங்கள் உண்டு.

அலைச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் அவசரம் கூடியிருக்கிறது. விருப்பப் பட்டியலைக் கொடுக்கவும், ஒதுக்கப்பட்ட இடத்தை உறுதி செய்யவும் கிடைப்பது இரண்டு மூன்று நாள்கள்தான். அந்த நாள்களில் நீங்கள் வேறு எந்த ஊருக்கும் போகாதீர்கள். பேத்தி 6ஆம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்பதால், பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழையும் இ-சேவையில் விண்ணப்பித்து வையுங்கள். பெற்றோரின் ஆவணங்கள் தேவைப்படும். அவற்றின் நகல்களை மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, பதிவு செய்யும்போது கைப்பேசி எண் கேட்பார்கள். பெற்றோர் என்ற முறையில் மகனின் எண்ணைக் கொடுக்கத் தோன்றும். பல தொழிற்சாலைகளில் கைப்பேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறைக் கடவுச்சொல் மகனின் பெட்டிக்குள் கிடக்க, நீங்கள் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் எண்ணையே கொடுங்கள்.